படுதா போன பிறகும் நிற்கும் குமிழ்கள்

நியூயார்க் மாநிலத்தில் ஸ்டோனி புரூக் என்ற ஊரில் லாங் ஐலண்ட் மியூசியம் இருக்கிறது. குதிரை வண்டிகளுக்குப் பேர்போன இடம். அங்கேயோ, அமெரிக்காவில் வேறெந்த வண்டிக் காட்சிக்கூடத்திலோ, ‘பக்கி’ எனப்படும் இலேசான நான்கு சக்கர வண்டி ஒன்றின் பக்கத்தில் நின்று பொறுமையாகப் பாருங்கள். கூரையைத் தாங்கும் வளைவுச் சட்டங்களிலும் இருக்கையின் ஓரப் பலகையிலும் சுண்டைக்காய் அளவில் கறுப்புக் குமிழ்கள் வரிசையாகப் பதிந்திருக்கும். அலங்கார ஆணி என்று நினைத்து நகர்ந்துவிடுவது எளிது. அவை அலங்காரம் அல்ல. மழையும் காற்றும் வந்தால் அந்த வண்டிக்குச் சுவராக நின்ற படுதாவை மாட்டுவதற்கானவை. படுதா தோலாலும் துணியாலும் ஆனது. நூறு ஆண்டில் மக்கிப் போய்விட்டது. உலோகம் மட்டும் மிஞ்சி நிற்கிறது.

அந்தக் குமிழைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இவ்வளவு சிறிய பொருளுக்கு இத்தனை பக்கமா என்று கேட்கலாம். ஒரு துணியைச் சட்டத்தோடு பிடித்துவைப்பது எளிய காரியம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதால்தான் இதை விளக்க வேண்டியிருக்கிறது. காற்று பிடுங்கினால் விடக் கூடாது. கை இழுத்தால் உடனே விட வேண்டும். காற்றும் இழுக்கிறது, கையும் இழுக்கிறது. எது காற்று, எது கை என்று ஒரு குமிழுக்கு எப்படித் தெரியும்? வண்டி கட்டியவர்கள் பல தலைமுறையாக விடை தேடியது இந்தக் கேள்விக்குத்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். குதிரை வண்டியில் ‘கர்ட்டன்’ என்று ஆங்கில ஏடுகள் எழுதும்போது அது ஒரே பொருளைக் குறிப்பதில்லை. தமிழில் நமக்குத் திரைச்சீலை என்றும் படுதா என்றும் இரண்டு சொல் இருப்பது இங்கே கைகொடுக்கிறது. கதவும் கண்ணாடியும் வைத்து மூடிக் கட்டிய வண்டிக்குள் வெயிலையும் வேடிக்கை பார்ப்பவர் கண்ணையும் மறைக்கத் தொங்கியது திரைச்சீலை. 1838-இல் லண்டனில் புரூம் பிரபுவுக்காகக் கட்டப்பட்டு அவர் பெயராலேயே வழங்கிய வண்டி இந்த மூடிய வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே மழையைத் தடுப்பது கண்ணாடியின் வேலை. சீலை மானத்துக்கும் அழகுக்கும். திறந்த வண்டியில் கண்ணாடியும் இல்லை, கதவும் இல்லை. அங்கே தொங்கியது படுதா. மழை, புழுதி, பனிக்காற்று எல்லாவற்றையும் அதுதான் தாங்கியாக வேண்டும். இரண்டுக்கும் வேலை வேறு என்பதால் பிடிமானமும் வேறு.

திரைச்சீலையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்டூவர்ட் ஹார்ட்ஷார்ன் என்ற அமெரிக்கர் 1864-இல் ஸ்பிரிங் உருளைக்குக் காப்புரிமை பெற்றார். சீலையைக் கீழே இழுத்து மெதுவாக விட்டால், உருளையின் முனையில் இருக்கும் ஒரு சிறு நாக்கு தன் எடையால் பல்லில் விழுந்து நிறுத்திவிடும். வெடுக்கென்று இழுத்து விட்டால் உருளை வேகமாகச் சுழல, நாக்கு வெளிப்பக்கம் ஒதுங்கி, சீலை மேலே சுருண்டுகொள்ளும். வீட்டு ஜன்னலுக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் நாக்கு தன் எடையை நம்பித்தான் விழுகிறது. குலுங்கும் வண்டியில் அந்த எடையை முழுதாக நம்ப முடியாது. அதனால் ரயில் பெட்டிகளில் சீலையின் அடிக்கம்பியில் இரண்டு பிடிகளை வைத்தார்கள். இரண்டையும் விரலால் சேர்த்துக் கிள்ளினால் ஓரத்து முனைகள் உள்ளே வாங்கிக்கொள்ளும். விட்டால் பக்கவாட்டுப் பள்ளத்தில் அழுந்தி நிற்கும். வீட்டில் நிற்கும் பொருள் வண்டியில் நிற்காது என்ற இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு படுதாவுக்குப் போவோம்.

படுதாதான் மூத்தது. கண்ணாடி வருவதற்கு முன் பெரிய மனிதர்களின் கோச்சு வண்டிகளுக்கும் தோல் படுதாதான் ஜன்னல். கண்ணாடி எவ்வளவு புதிதாக இருந்தது என்பதற்குச் சாமுவேல் பீப்ஸின் நாட்குறிப்பில் 1667-ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று உண்டு. லண்டனில் பீட்டர்பரோ சீமாட்டி கண்ணாடி வைத்த கோச்சில் போகும்போது எதிர்வண்டியில் தெரிந்தவரைக் கண்டார். வணக்கம் சொல்லத் தலையை நீட்ட, எதிரே கண்ணாடி இருப்பதே தெரியாமல் அதை உடைத்துக்கொண்டு போய் நெற்றியைக் கிழித்துக்கொண்டார். படுதா இருந்தவரை இப்படி நேராது. அது இருப்பது கண்ணுக்குத் தெரியும், மோதினாலும் அடிபடாது.

அமெரிக்காவின் நெடும்பாதைகளில் தோல் படுதா இன்னும் இரு நூற்றாண்டு நீடித்தது. நியூ ஹாம்ப்ஷயரில் கான்கார்ட் நகரத்தில் லூயிஸ் டவுனிங்கும் ஸ்டீபன்ஸ் ஆபட்டும் 1827-இல் கட்டத் தொடங்கிய கான்கார்ட் கோச்சு, ஒரு டன்னுக்கு மேல் எடை கொண்டது. தடித்த தோல் வார்களின் மேல் தொட்டில் போல ஆடிக்கொண்டு போகும். அதன் பக்கத் திறப்புகளுக்கு மடித்துச் சுருட்டும் தோல் படுதாக்கள். மார்க் ட்வைன் 1861-இல் தம் அண்ணனோடு மிசௌரியிலிருந்து நெவாடாவுக்கு இப்படிப்பட்ட வண்டியில் போனதைத் தம் ‘ரஃபிங் இட்’ நூலில் எழுதியிருக்கிறார். இரவில் படுதாவைச் சுற்றிலும் இறுக்கிக் கட்டி, கும்மிருட்டில் தபால் மூட்டைகளின் மேல் படுத்துக்கொண்டு பயணம் செய்திருக்கிறார்கள். கண்ணாடி அந்தப் பாதையில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடித்திருக்காது. உடைந்தால் மாற்ற ஆளும் இல்லை. கிழிந்த தோலைத் தைக்க ஊசியும் நூலும் போதும்.

பக்கி வண்டி வந்ததும் படுதா வீட்டுக்கு வீடு போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வண்டி கட்டுவது பெரிய தொழிற்சாலைத் தொழிலாகிவிட்டது. மிச்சிகனின் ஃபிளின்ட் நகரத்தில் வில்லியம் டூராண்ட்டும் டாலஸ் டோர்ட்டும் 1886-இல் தொடங்கிய நிறுவனம் அதில் முன்னணியில் இருந்தது. தபாலில் பொருள் விற்ற சியர்ஸ் நிறுவனம் பக்கியை ஐம்பது டாலருக்கும் குறைவாக வீட்டுக்கு அனுப்பியது. விவசாயி, ஊர் டாக்டர், தபால்காரர், பாதிரியார் எல்லோரும் பக்கியில் போனார்கள். பிரசவம் பார்க்கப் போகிற டாக்டர் மழை விடட்டும் என்று காத்திருக்க முடியாது. அவர்களுக்குப் படுதா ஆடம்பரம் இல்லை; தொழிலுக்கு வேண்டிய கருவி.

வண்டிப் பட்டறையில் நான்கு கைகள் உண்டு: கூடு கட்டுகிற தச்சர், இரும்பு வேலை செய்யும் கொல்லர், வர்ணம் பூசுகிறவர், தோலும் துணியும் தைக்கிற ‘ட்ரிம்மர்’. படுதா இந்தக் கடைசி ஆளின் பொறுப்பு. அவர் கையில் இருந்த சரக்கு மூன்று: தோல், எண்ணெய்ப் பூச்சேற்றிய துணி, ரப்பர் பூசிய துணி. சார்லஸ் குட்இயர் 1839-இல் ரப்பரைக் கந்தகத்தோடு சுட்டுப் பதப்படுத்தக் கண்டுபிடித்த பிறகுதான் ரப்பர் துணி வெயிலில் இளகாமல், குளிரில் நொறுங்காமல் ஓரளவு நிலைத்தது. மூன்றுக்கும் தனித்தனிக் குணம். தோல் நனைந்தால் நீளும், காய்ந்தால் சுருங்கும். எண்ணெய்த் துணி மடித்த இடத்தில் வெடிக்கும். ரப்பர் துணி கடுங்குளிரில் தகடு போல விறைக்கும். குமிழோ சட்டத்தில் வைத்த இடத்திலேயே நிற்கிறது. இன்றைக்குச் சரியாகப் பொருந்திய துளை, நான்கு மழைக்குப் பிறகு விரல் அகலம் தள்ளிப் போயிருக்கும்.

காற்று என்ன செய்கிறது என்பதையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பக்கப் படுதா ஒரு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகக் காற்று அதன்மேல் நேராக மோதினால் சுமார் ஏழரை கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு, அதாவது முப்பது கிலோ. எட்டுக் குமிழ்கள் பகிர்ந்துகொண்டால் ஒன்றுக்கு நாலு கிலோகூட வராது. அப்படியானால் ஏன் பிய்ந்தது? காற்று ஒருபோதும் எட்டையும் சேர்த்து இழுப்பதில்லை என்பதுதான் காரணம். படபடக்கும் துணி ஒரு மூலையைத்தான் சுண்டி இழுக்கும். அந்த மூலை விட்டால் அடுத்தது. அது விட்டால் அதற்கடுத்தது. உலர்த்திய வேட்டியைக் கொடியிலிருந்து காற்று எப்படி எடுத்துக்கொண்டு போகிறது என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆகவே முழுப் படுதாவின் பலமும் மூலையில் இருக்கும் ஒரு குமிழின் பலம்தான்.

எளிய குமிழையும் துளையையும் முதலில் பார்ப்போம். சட்டத்தில் திருகிய குமிழ். அதற்குக் குறுகலான கழுத்து, கொஞ்சம் அகன்ற தலை. படுதாவில் சட்டைக்குப் பொத்தான் துளை போடுவது போல ஒரு கீறல். தோலாக இருந்தால் கீறல் தலையைச் சுற்றி இறுகப் பிடிக்கும். மாட்டும்போது கொஞ்சம் நெம்ப வேண்டும், அவ்வளவுதான். வெறும் இரும்பு ஈரத்தோலைத் தொட்டால் தோலில் கறுப்புக் கறை ஏறும். பித்தளையானால் தோலின் கொழுப்போடு சேர்ந்து பச்சையாகக் கசியும். அதனால் இரும்புக் குமிழுக்குக் கறுப்பு மெருகு பூசிச் சுட்டார்கள். வசதியான வண்டிக்கு நிக்கல், இன்னும் வசதியானால் வெள்ளி முலாம். இந்தக் குமிழில் பழுதாக ஒன்றுமே இல்லை என்பதுதான் இதன் பெரிய பலம். கழன்று விழுந்தால் ஆணிப் பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்துத் திருகிக்கொள்ளலாம்.

குறையெல்லாம் துளையின் பக்கம். ஒவ்வொரு முறை நெம்பும்போதும் கீறலின் முனை கொஞ்சம் கிழிகிறது. துணிப் படுதாவில் இன்னும் சீக்கிரம் கிழியும். இதற்காகத் துளையைச் சுற்றி ஐலெட் என்ற உலோக வளையத்தை அடித்தார்கள். விசை ஒரே நூலில் விழாமல் வளையம் முழுக்கப் பரவியது. ஆனால் உலோகம் தோல் போல நெகிழ்ந்து தலையைப் பிடிக்காது. குமிழ் நுழையும் அளவுக்கு வளையம் பெரிதென்றால் குமிழ் வெளியேறவும் அது போதும். கிழிசலுக்கு மருந்து போட்டதில் பிடிமானம் போயிற்று!

அதற்கு வந்த அழகான தீர்வு திருகுக் குமிழ். பழைய வீட்டு அலமாரிக் கதவில் ஒரு சின்னக் கட்டையை ஆணியில் அடித்து வைத்திருப்பார்கள். நேராக இருந்தால் கதவு திறக்கும், குறுக்கே திருப்பினால் பிடித்துக்கொள்ளும். அதே யோசனைதான். குமிழின் தலை முட்டை வடிவம். ஐலெட்டும் முட்டை வடிவம். இரண்டும் ஒரே வாட்டத்தில் இருக்கும்போது வளையம் சுலபமாக நுழையும். பிறகு தலையைக் கால் சுற்றுத் திருப்பினால் குறுக்கே நின்றுவிடும். நீள்வட்டத் துளையில் இன்னொரு நன்மையும் உண்டு. படுதா நீண்டு சுருங்கும்போது அந்த வித்தியாசத்தைத் துளையே கொஞ்சம் உள்வாங்கிக்கொள்கிறது. இன்றும் படகுப் படுதா சாமான் விற்கும் அமெரிக்கக் கடையில் ‘காமன் சென்ஸ்’ என்று கேட்டால் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். காற்று இழுக்கும், ஆனால் திருப்பாது. கை மட்டும்தான் திருப்பும். காற்றையும் கையையும் பிரித்தறிந்த முதல் குமிழ் என்று இதைத்தான் நான் சொல்வேன். ஒரே சங்கடம், தண்டு தேய்ந்துவிட்டால் வண்டியின் அதிர்வே அதைத் திருப்பிவிடும்.

வாரும் பக்கிளும் இருந்தபோது இதெல்லாம் எதற்கு? சேணம் முழுக்க பக்கிள்தானே, குதிரையையே கட்டிப் பிடிக்கிறதே! நியாயமான கேள்வி. பக்கிளைப் போல உறுதியானது வேறில்லை. படுதாவிலும் வார்கள் இருந்தன. ஆனால் மூடுவதற்கு அல்ல. பின்பக்கப் படுதாவை மேலே சுருட்டிக் கட்டி வைக்க, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டிரண்டு வார்கள் தொங்கும். காற்றோட்டம் வேண்டிய வெயில் நாளில் சுருட்டி வைக்கலாம். பக்கப் படுதாவுக்கு பக்கிள் ஒத்துவராததற்குக் காரணம் விரல். உறைபனியில் கையுறை போட்ட விரலால் எட்டு பக்கிளை மாட்டுவது நடக்காத காரியம். அதோடு ஓட்டுகிறவரின் ஒரு கை எப்போதும் கடிவாள வாரில் இருக்கும். ஒரு கையால், பார்க்காமல், தடவியே மாட்டவும் கழற்றவும் முடிகிற பொருள்தான் இங்கே செல்லும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, சொல்லவே கொஞ்சம் பயமாக இருக்கும் காரணம். குதிரை மிரளும். வண்டி கவிழும். நான்கு பக்கமும் மூடிய படுதாவுக்குள் குழந்தையோடு உட்கார்ந்திருப்பவர் அந்த நொடியில் வெளியே வந்தாக வேண்டும். குமிழ் இருப்பதோ சட்டத்தின் வெளிப்பக்கம். உள்ளிருந்து கையை வளைத்து வெளியே விட்டு ஒவ்வொன்றாகத் திருப்ப நேரம் ஏது? இறுகப் பிடிக்கும் படுதா மழைக்குப் பாதுகாப்பு. விபத்தில் அதுவே பொறி. ஒரே இழுப்பில் எல்லாப் பிடியும் விட வேண்டும் என்று கம்பியும் நெம்புகோலும் ஸ்பிரிங்குமாக எத்தனையோ பேர் காப்புரிமைக்கு எழுதிப் போட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை காகிதத்தோடு நின்றுவிட்டன. ஒரு கம்பி வளைந்தால் எட்டுப் பிடியும் சேர்ந்து செத்துவிடும். ஊர்க் கொல்லரால் அதைச் சரிசெய்ய முடியாது. புதுமையை மக்கள் மதிக்கவில்லை என்று இதை வருத்தமாக எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். நடுவழியில் மழையில் நிற்பவருக்கு எது உதவும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதற்கிடையில் பிரஸ் பட்டன் வந்தது, நம் தையல்காரர்கள் டிச் பட்டன் என்பார்களே, அதுதான். 1886-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரத்தில் ஆல்பர்ட் பியர் ரேமோன் என்பவர் கையுறைக்காக அதைச் செய்தார். கையுறைத் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. ஒரு அழுத்து, ஒரு இழுப்பு. விரலுக்கு இதைவிடச் சுகமானது கிடையாது. ஆனால் படுதாவுக்கு இது போதவில்லை. எந்தப் பக்கமிருந்து இழுத்தாலும் ஒரே அளவு விசையில் விடும். ஸ்பிரிங்கை மென்மையாக வைத்தால் காற்றே திறந்துவிடும். கடினமாக வைத்தால் துணி கிழியும், பட்டன் வராது.

இந்த முடிச்சை அவிழ்த்தது ‘லிஃப்ட் த டாட்’ என்ற பிடி. மாசசூசெட்ஸில் கேம்பிரிட்ஜ் நகரத்தின் கார் ஃபாஸ்னர் நிறுவனம் 1910-களில் விற்றது. தொடங்கியவரின் குடும்பப் பெயர் கார். மோட்டார் காருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சட்டத்தில் ஒரு சிறு முளை. முளையின் கழுத்தில் ஒரு பள்ளம். படுதாவில் ஒரு உலோகக் கூடு. கூடு முளையின் மேல் அமர்ந்ததும் மூன்று பக்கமும் கெட்டியாகப் பூட்டிக்கொள்ளும். நான்காவது பக்கத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கும். அந்தப் பக்கம் எது என்று கைக்குத் தெரியக் கூட்டின் மேல் ஒரு புள்ளி புடைத்திருக்கும். புள்ளியுள்ள ஓரத்தைத் தூக்கினால் கழன்றுவிடும். மற்ற மூன்று பக்கத்தில் எவ்வளவு இழுத்தாலும் வராது. காற்று எந்தத் திசையில் இழுக்கும் என்று முன்பே யோசித்து, புள்ளியை அதற்கு எதிர்ப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டால் போதும். இருட்டில் விரல் நுனியால் தடவிப் புள்ளியைக் கண்டுபிடிக்கலாம். அமெரிக்க ராணுவம் தோட்டாப் பைகளுக்கு இதையே எடுத்துக்கொண்டது. 1923 மாதிரித் தோட்டா வாரில் பைகளை மூடுவது இதுதான்.

குதிரை வண்டிக்கு இது தாமதமாகக் கிடைத்த விடை. அது வந்தபோது ஃபோர்டின் மாடல் டி சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஆரம்பகாலக் கார்கள் பெரும்பாலும் திறந்த வண்டிகளே. 1919-இல்கூட அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்தில் ஒன்பது அப்படித்தான். மழை வந்தால் நிறுத்தி, இருக்கைக்கு அடியிலிருந்து படுதாவை எடுத்து மாட்ட வேண்டும். கட்டியவர்களும் பழைய ஆட்களே: ஃபிளின்ட்டின் டூராண்ட் 1908-இல் ஜெனரல் மோட்டார்ஸைத் தொடங்கினார், இந்தியானாவில் 1852 முதல் பார வண்டி கட்டிவந்த ஸ்டூடபேக்கரும் காருக்கு மாறியது. மெட்ராஸிலும் இதே வழிதான். 1840-இல் தொடங்கிக் கோச்சு வண்டி கட்டிப் பெயர் எடுத்த சிம்சன் பட்டறையில்தான் 1903-இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைக் கட்டினார். வண்டிப் பட்டறையின் தோல்காரரும் அவருடைய குமிழ்ப் பெட்டியும் அப்படியே மோட்டாருக்குக் குடிபெயர்ந்தார்கள். 1920-களின் கடைசியில் கண்ணாடி வைத்து மூடிய கார்கள் மலிவானதும் படுதாக் கார் மறைந்தது. குமிழ் படகுக்கும் ராணுவ ஜீப்புக்கும் போய்ச் சேர்ந்தது.

இப்போது மறுபடி அந்தக் காட்சிக்கூடத்துப் பக்கிக்கு வருவோம். படுதா இல்லை, ஆனால் குமிழ்களைப் படிக்கத் தெரிந்தால் படுதாவைத் திரும்ப வரைந்துவிடலாம். குமிழிலிருந்து குமிழுக்குக் கோடு இழுத்தால் அதன் ஓரம் கிடைக்கும். தலை உருண்டையா முட்டை வடிவமா என்று பார்த்தால் துளை கீறலா ஐலெட்டா என்பது தெரியும். ஒரு வரிசையில் ஒன்று மட்டும் வேறு மாதிரிக் குமிழாக இருந்தால் அதைப் பழுது என்று பிடுங்கிவிட்டு ஒரே மாதிரிப் புதுக்குமிழ் வரிசையை வைக்காதீர்கள் என்று பழைய வண்டிகளைச் சீர்செய்கிறவர்களைக் கேட்டுக்கொள்வேன். அது பெரும்பாலும் முன்பக்க மூலையில் இருக்கும். காற்று முதலில் கைவைக்கிற மூலை அது. யாரோ ஒருவர், மழைக்காலத்துக்கு முன், கையில் கிடைத்த குமிழை அங்கே திருகி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.